கேட்டுச் செய்தலும் செய்துவிட்டுக் கேட்டலும்



பல ஆண்டுகளுக்கு முன்னால், மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு பழங்குடிக் குடியிருப்பில் நடந்த கிராம சபைக் கூட்டத்தில் நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். குடியிருப்பு என்றால் நாற்பது வீடு. பஞ்சாயத்தின் தலைமை ஊர் மலைக்குக் கீழே பதினான்கு கிலோமீட்டரில். எப்போதும் இவர்கள்தான் இறங்கிப் போக வேண்டும். அன்று அதிகாரிகளே மேலே வந்திருந்தார்கள். பலா மரத்தடியில் ஒரு மேசை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, மேசைமேல் தீர்மானப் பதிவேடு. தீர்மானம் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. கீழே கையெழுத்துக்கும் கைரேகைக்கும் இடம் விட்டிருந்தார்கள். எழுத்தர் மை டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுப் பெயர் வாசிக்கத் தொடங்கினார்.

மூன்றாவதாக அழைக்கப்பட்டவர் ஒரு பாட்டி. எழுபது வயதிருக்கும். மேசைவரைக்கும் வந்தவர், கட்டைவிரலை மையில் வைக்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அதுல என்ன எழுதியிருக்குதுங்க சாமி? ஒருக்கா படிச்சுக் காட்டுங்க."

"எல்லாம் உங்க நல்லதுக்குத்தான் பாட்டி. ரோடு வருது."

"ரோடு நல்லதுதானுங்க. எந்த வழியா வருதுன்னு எழுதியிருக்குதுங்களா?"

பதிவேட்டில் அதற்குப் பதில் இல்லை. குடியிருப்புக்குத் தண்ணீர் தரும் ஊற்று ஒன்று சரிவில் இருக்கிறது. சாலை எந்தப் பக்கமாகப் போனால் ஊற்றுக்கண் அடைபடும், எந்தப் பக்கமாகப் போனால் தப்பும் என்பது அந்த நாற்பது வீட்டில் சிறுவருக்கும் தெரியும். வரைபடம் போட்டவருக்குத் தெரியாது. அவர் யாரையும் கேட்கவில்லை. கூட்டம் எப்படி முடிந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

தமிழில் கேட்டல் என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. வினவுவதும் கேட்டல்தான், செவிகொடுப்பதும் கேட்டல்தான். கல்யாணப் பேச்சு எடுத்தால், "பொண்ணை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்று வீட்டுப் பெரியவர் ஒருவராவது சொல்லுவார். அந்த ஒரு வார்த்தைக்குள் கேள்வியும் இருக்கிறது, பதிலுக்குக் காத்திருப்பதும் இருக்கிறது, பதில் 'வேண்டாம்' என்றால் பேச்சை நிறுத்திக்கொள்வதும் இருக்கிறது. பழங்குடி மக்களுக்கு நாட்டின் கொள்கை முடிவுகளில் என்ன இடம் என்று ஆராயும்போதெல்லாம் நான் இந்தச் சொல்லை வைத்துத்தான் அளந்து பார்க்கிறேன். எத்தனை இருக்கை என்ற கணக்கு அவசியம்தான். ஆனால் முடிவு எழுதப்படுவதற்கு முன் கேட்டார்களா, பின் கேட்டார்களா என்பதை வைத்தே அந்த இருக்கைகளின் மதிப்பையும் அறிய முடியும் என்பது என் உறுதியான எண்ணம்.

இந்தக் கதை அரசியல் நிர்ணய சபையிலேயே தொடங்குகிறது. 1946 டிசம்பர் 19 அன்று, நேருவின் குறிக்கோள் தீர்மானத்தின்மீது பேச ஜெய்பால் சிங் எழுந்தார். இன்றைய ஜார்க்கண்டின் குந்தி பகுதியில் ஒரு முண்டா கிராமத்தில் 1903இல் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணியின் தலைவர். இந்தியா முதல் தங்கம் வென்றது அந்த ஆண்டில்தான். ஐ.சி.எஸ். பயிற்சியைப் பாதியில் விட்டு வந்தவர். 1939இல் ஆதிவாசி மகாசபையின் தலைமையை ஏற்றார். அந்தச் சபையில் எவருக்கும் குறையாத படிப்பும் பெயரும் அவருக்கு இருந்தன. ஆனாலும் தன்னை ஒரு காட்டுவாசி என்றே அறிமுகப்படுத்திக்கொண்டு பேசினார். ஆதிவாசிகளுக்கு ஜனநாயகத்தை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை, அவர்களிடமிருந்து நீங்கள்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் பேச்சின் சாரம். சபையில் ஆண்கள் நிறைந்திருப்பதையும், ஆதிவாசிப் பெண்களும் அங்கே வர வேண்டும் என்பதையும் அதே பேச்சில் சுட்டிக்காட்டினார். 1946இல் அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியவர்கள் எத்தனை பேர்?

ஜனநாயகத்தை எங்களிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்றதை உணர்ச்சிப் பேச்சு என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். முண்டா ஊர்களில் பொதுக்காரியத்தைக் கூடி உட்கார்ந்து பேசி, எல்லோரும் ஒரு முடிவுக்கு வரும்வரை எழுந்திருக்காமல் இருக்கும் வழக்கத்தை அறிந்து சொன்ன சொல் அது. நம் மலைகளிலும் மூப்பனும் ஊரும் கூடிப் பேசும் முறை இன்னும் முழுதாக அழிந்துவிடவில்லை. ஐம்பத்தொரு பேர் கை தூக்கினால் நாற்பத்தொன்பது பேர் வாய் மூட வேண்டும் என்ற கணக்கு அங்கே செல்லாது. நாட்டு மக்கள்தொகையில் நூற்றுக்கு எட்டுப் பேராக இருக்கும் மக்களுக்கு எண்ணிக்கைக் கணக்கு என்றைக்கும் உதவாது என்பதை ஜெய்பால் அன்றே கண்டுகொண்டார்.

அவர் கேட்டவற்றில் ஒன்று பெயர். ஆதிவாசி என்ற சொல்லே சட்டத்தில் இடம்பெற வேண்டும் என்றார். கிடைத்தது 'அட்டவணைப் பழங்குடி'. அட்டவணை என்றால் பட்டியல். பட்டியலில் பெயர் இருந்தால் நீ பழங்குடி, இல்லாவிட்டால் இல்லை. பட்டியல் எங்கே எழுதப்படுகிறது? அரசியல் சட்டத்தின் 342ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் ஒருமுறை வெளியிட்ட பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ நாடாளுமன்றத்தால் மட்டுமே முடியும்.

இது எப்படி ஒரு வீட்டுக்குள் வந்து உட்காருகிறது என்பதற்கு ஈரோடு மாவட்டம் பர்கூர் மலைக்குப் போவோம். அங்கே மலையாளி மக்கள் வாழ்கிறார்கள். கேரளத்து மலையாளியோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஏற்காடு, கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன், ஜவ்வாது, சித்தேரி என்று கிழக்கு மலைத் தொடர் நெடுக வாழும் தமிழ் பேசும் பழங்குடி அவர்கள். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் மிகப் பெரிய சமூகம். ஆனால் பட்டியலில் அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் மாவட்டங்களின் பெயரும் எழுதியிருக்கிறது: தருமபுரி, வடஆற்காடு, தென்ஆற்காடு, சேலம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை. ஈரோடு இல்லை. சேலம் மாவட்டத்துப் பாலமலையில் பிறந்த பெண் எஸ்.டி. அவளைக் கட்டிக்கொண்டு போன பர்கூர் மாப்பிள்ளை எஸ்.டி. இல்லை. அதே மொழி, அதே சாமி, அதே கொள்வினை கொடுப்பினை. பிள்ளையின் சாதிச் சான்றுக்கு விண்ணப்பித்தால் கோட்டாட்சியரின் கை கட்டப்பட்டிருக்கிறது. அவர் மனம் இரங்கினாலும் சட்டம் இடம்தராது. சான்று இல்லையேல் உண்டு உறைவிடப் பள்ளியில் தொடங்கி கல்லூரி, வேலைவரை கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும். மாவட்ட எல்லை என்பது வருவாய்த் துறை தன் வசதிக்குப் போட்ட கோடு. அந்தக் கோடு ஒரு சமூகத்தை இரண்டாகக் கிழித்துப் போட்டிருக்கிறது. ஈரோட்டு மலையாளிகள் பல பத்தாண்டுகளாக மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதைத் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்குத்தான் என்றேன். மக்களவையின் 543 இடங்களில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை 47. அவற்றில் தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பழங்குடியினர் ஏறத்தாழ 7 லட்சத்து 95 ஆயிரம் பேர். மாநில மக்கள்தொகையில் 1.1 சதவீதம். விகிதப்படி அது ஒரு மக்களவை இடத்துக்குப் போதாது. ஆக, தங்கள் பெயரையே தீர்மானிக்கும் ஒரே இடத்தில் அவர்களுக்கென்று ஒரு நாற்காலி கிடையாது.

சட்டமன்றத்தில் இரண்டு இடம் உண்டு: ஏற்காடு, சேந்தமங்கலம். இரண்டும் மலையாளி மக்கள் வாழும் மலைகளைச் சார்ந்தவை. இரண்டிலும் சமவெளி வாக்காளர்களும் கலந்திருக்கிறார்கள். மத்திய அரசு 'குறிப்பாக நலிந்த பழங்குடி' என்று வகைப்படுத்தியிருக்கும் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்களையும் நீலகிரியில் காணலாம். அந்த மாவட்டத்தில் பழங்குடிக்கு ஒதுக்கிய சட்டமன்றத் தொகுதி இல்லை. இரண்டாயிரம் பேர் அளவிலேயே இருக்கும் தோடர் சமூகத்திலிருந்து ஒருவர் வாக்கு எண்ணிக்கையால் சட்டமன்றம் போக வேண்டும் என்றால் எத்தனை நூற்றாண்டு காத்திருக்க வேண்டும்? குற்றம் சொல்ல வரவில்லை. எண்ணிக்கையை மட்டும் நம்பிய ஏற்பாடு எங்கே நின்றுபோகிறது என்பதைக் காட்டுகிறேன்.

நாற்காலி கிடைத்த இடங்களிலும் நிலைமை எளிதாக இல்லை. தனித்தொகுதி உறுப்பினரை வேட்பாளராக்குவது கட்சி. 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கொறடா சொன்ன பக்கம் வாக்களிக்காவிட்டால் பதவியே போகலாம். தன் மலையைத் தோண்டும் மசோதா வந்தாலும் அவர் கை கட்சியோடுதான் உயர வேண்டும். அந்த 47 பேரும் கட்சி வேறுபாடு இல்லாமல் ஒரே குரலில் பேசுவார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அந்த இடங்களும் நிரந்தரமல்ல. 1950இல் பத்தாண்டுக்கு என்று தொடங்கி, நீட்டி நீட்டி, 104ஆவது திருத்தத்தால் 2030 ஜனவரிவரை வந்திருக்கிறது. தொகுதி மறுவரையறையும் வரப்போகிறது. சென்ற முறை ஜார்க்கண்டில் பழங்குடித் தொகுதிகள் குறையும் நிலை வந்தது. சுரங்கத்துக்கும் ஆலைக்கும் வெளியார் வந்து குடியேற, பழங்குடியினரின் விகிதம் தேய்ந்ததே காரணம். எதிர்ப்பு எழுந்து அங்கே மறுவரையறையைத் தள்ளிவைத்தார்கள். வந்தவர்களால் சிறுபான்மையானவர்களிடம், சிறுபான்மை ஆகிவிட்டீர்கள் என்று சொல்லி இடத்தைக் குறைப்பது என்ன நீதி? வரும் மறுவரையறையில் இந்தக் கேள்வி திரும்ப எழும். தமிழ்நாடு தன் மொத்த இடங்களைப் பற்றிக் கவலைப்படும் அதே நேரத்தில் இதையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எண்ணிக்கை மட்டும் போதாது என்பதை அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் யோசிக்காமல் இல்லை. பழங்குடிப் பகுதிகளின் நிர்வாகத்தைச் சொல்லும் ஐந்தாவது அட்டவணையில் பழங்குடியினர் ஆலோசனைக் குழு என்று ஒன்றை வைத்தார்கள். இருபது பேருக்கு மேற்படாத குழு. நான்கில் மூன்று பங்கு பழங்குடிச் சட்டமன்ற உறுப்பினர்கள். வரைவில் இந்தக் குழுவின் சொல்லுக்கு இருந்த கனம் இறுதி வடிவத்தில் குறைந்தது. ஆளுநர் அனுப்பும் விஷயங்களில் மட்டும் ஆலோசனை சொல்ல வேண்டும் என்று ஆயிற்று. 1949 செப்டம்பர் 5 அன்று இந்த மாற்றம் சபைக்கு வந்தபோது ஜெய்பால் சிங் வேதனையோடு எதிர்த்தார். குழுவைத் தானாகப் பேச முடியாதபடி ஆக்கிவிட்டார்கள். கேட்டால் மட்டும் வாய் திறக்கலாம். கேட்பாரா மாட்டாரா என்பது எதிர்ப் பக்கத்தின் விருப்பம்.

நம் மாநிலத்தில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி ஒரு சதுர அடி கூட இல்லை. பத்து மாநிலங்களில் இருக்கிறது, நம்மிடம் இல்லை. அதனால் அட்டவணைப் பகுதிக் கிராம சபைகளுக்கு அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டின் பெசா சட்டம் நம் மலைகளில் ஏறவேயில்லை. ஆனால் அட்டவணைப் பகுதி இல்லாத மாநிலத்திலும் ஆலோசனைக் குழு அமைக்க அரசியல் சட்டம் வழி வைத்திருக்கிறது. அப்படிக் குழு உள்ள மாநிலம் தமிழ்நாடு. இங்கேதான் அதிகம் பேர் கவனிக்காத ஒரு வரி இருக்கிறது. குழுவில் இருக்க வேண்டிய அளவுக்குப் பழங்குடிச் சட்டமன்ற உறுப்பினர்கள் இல்லாவிட்டால், மீதி இடங்களை அந்தப் பழங்குடிகளைச் சேர்ந்த பிறரைக் கொண்டு நிரப்ப வேண்டும் என்கிறது அந்த வரி. இருபது பேர் குழு என்று வைத்தால் பதினைந்து இடம் பழங்குடியினருக்கு. ஒதுக்கிய தொகுதிகளிலிருந்து நமக்குக் கிடைப்பவர்கள் இருவர். மீதி பதின்மூன்று இடம் சட்டமன்ற உறுப்பினர் அல்லாத பழங்குடிகளுக்கு உரியது! தேர்தல் கணக்கில் என்றுமே வர முடியாத தோடரும் காட்டுநாயக்கரும் காணிக்காரரும் முதுவரும் உட்காரக்கூடிய இடங்கள் இவை. இந்தப் பதின்மூன்று பேரை யார் தேர்ந்தெடுப்பது? கோட்டையில் ஒரு கோப்பில் பெயர் எழுதி நியமிக்கலாம். ஊர்க்கூட்டங்கள் கூடி, தங்களுக்காகப் பேசக்கூடியவரை அனுப்பவும் செய்யலாம். இரண்டாவது வழிக்கு அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. விதிகளை எழுதும் மாநில அரசுக்கு மனம் இருந்தால் போதும். கூட்டக் குறிப்புகளை மலையில் படித்துக் காட்டும்படியும் விதி செய்யலாம். இந்த ஒன்றை மட்டுமாவது இந்த மண்டபத்திலிருந்து வெளியே எடுத்துச் செல்லுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

கேட்டால் சட்டம் எப்படி மாறும் என்பதை நாடு ஒருமுறை பார்த்தது. 2002 மே மாதம் வன ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. தலைமுறைகளாகக் காட்டில் இருந்தவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள் ஆனார்கள். பல மாநிலங்களில் குடிசைகள் இடிபட்டன. அதை எதிர்த்து எழுந்த இயக்கங்களிலிருந்துதான் வன உரிமைச் சட்டம் பிறந்தது. 2005 டிசம்பரில் வந்த மசோதா, 1980க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தைப் பயன்படுத்தி வருபவர்களுக்கே உரிமை என்றது. அதிகபட்சம் இரண்டரை ஹெக்டேர் என்றது. கூட்டுக் குழு வைத்து விசாரித்து, காட்டு மக்களின் அமைப்புகள் சொன்னதைக் காதில் வாங்கிய பிறகு, கெடு 2005 டிசம்பர் 13 ஆயிற்று. இரண்டரை நான்கு ஹெக்டேர் ஆயிற்று. உரிமையை முதலில் விசாரித்துத் தீர்மானம் சொல்லும் இடம் கிராம சபை என்று சட்டம் வைத்தது. காட்டு மக்களுக்கு இழைக்கப்பட்டது வரலாற்று அநீதி என்று சட்டத்தின் முகப்பிலேயே நாடாளுமன்றம் எழுதியது. நம் மாநிலத்தில் நீதிமன்றத்தின் இடைக்கால ஆணையால் உரிமைப் பத்திரம் வழங்குவது பல ஆண்டு நின்றுபோனது. 2016இல்தான் தடை விலகியது. அந்த ஆண்டுகளில் காத்திருந்தபடியே இறந்துபோன பெரியவர்களை நான் அறிவேன்.

அந்தச் சட்டம் தன் முழு உயரத்தில் நின்றது ஒடிசாவின் நியம்கிரி மலையில். டோங்கிரியா கோந்த் மக்கள் வாழும் மலை அது. மலையுச்சியில் பாக்சைட். அடிவாரத்து லாஞ்சிகரில் வேதாந்தா நிறுவனத்தின் அலுமினா ஆலை. உச்சியைத் தோண்ட மாநிலச் சுரங்கக் கழகம் அனுமதி கேட்டது. அங்கே உறைபவர் நியம ராஜா என்று மக்கள் சொன்னார்கள். மலைக்கு முறைமை வகுத்துத் தந்தவர். 2010இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வன அனுமதியை மறுக்க, வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2013 ஏப்ரல் 18 அன்று வந்த தீர்ப்பு ஒரு வகையில் மிக எளிமையானது. தோண்டலாமா கூடாதா என்று நீதிபதிகள் சொல்லவில்லை. அந்த மலையில் மக்களுக்குள்ள வழிபாட்டு உரிமையும் பிற உரிமைகளும் என்ன என்பதைக் கிராம சபைகள் கூடி முடிவு செய்யட்டும், மாவட்ட நீதிபதி நிலையில் ஒருவர் உடனிருந்து பார்க்கட்டும் என்றார்கள். ஊரைப் போய்க் கேள் என்பதுதான் தீர்ப்பு.

மலையைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் இருக்க, மாநில அரசு பன்னிரண்டு ஊர்களை மட்டும் தேர்ந்தெடுத்தது. மக்களுக்கு அதில் வருத்தம் இருந்தது. ஆனாலும் கூடினார்கள். ஜூலை 18இல் செர்க்கபாடி, ஆகஸ்ட் 19இல் ஜரப்பா. மழைக்காலம், வழுக்கும் மலைப்பாதை. நீதிபதியும் அதிகாரிகளும் ஆயுதம் தாங்கிய காவலர்களும் ஊர் ஊராக ஏறிப்போனார்கள். மக்கள் பேசியது குவி மொழியில், பதிவேட்டில் ஏறியது ஒடியாவில். பள்ளிக்கூடம் பார்க்காத பெண்கள் எழுந்து நின்று பேசினார்கள். எந்த ஓடை எங்கிருந்து வருகிறது, எந்த மூலிகை எங்கே முளைக்கிறது, கடவுளின் இருப்பிடத்தை அளந்து இவ்வளவு என்று பட்டா போட முடியுமா என்றெல்லாம் கேட்டார்கள். பன்னிரண்டு ஊரும் வேண்டாம் என்றன. பன்னிரண்டும்! 2014 ஜனவரியில் மத்திய அரசு அனுமதியை மறுத்தது. இந்தியக் குடியரசின் வரலாற்றில் சுரங்கம் வேண்டுமா என்று மலையில் வாழ்பவரிடம் சட்டப்படி கேட்டு, அவர் சொன்ன 'இல்லை'யை ஏற்றுக்கொண்டது அந்த ஒருமுறைதான் இவ்வளவு தெளிவாக நடந்தது. அந்தப் பன்னிரண்டு ஊர்களிலிருந்து ஒருவர்கூட நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. ஆனாலும் அவர்கள் சொல் தில்லிவரை போய்ச் சேர்ந்தது. கேள்வி அவர்கள் முற்றத்துக்கு வந்ததால்.

அதன் பிறகு காற்று திசை மாறியது. காட்டு நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற மத்திய அரசு இறுதி ஒப்புதல் தருவதற்கு முன்பே கிராம சபையின் சம்மதம் வேண்டும் என்று 2009இல் வந்த சுற்றறிக்கை சொன்னது. 2022 ஜூனில் வெளியான வனப் பாதுகாப்பு விதிகள் வரிசையை மாற்றிவிட்டன. மத்திய அரசின் ஒப்புதல் முதலில் வரலாம்; வன உரிமைச் சட்டப்படியான வேலைகளை மாநில அரசு பிறகு பார்த்துக்கொள்ளும். திருமண மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்து, ஊரெல்லாம் கொடுத்துவிட்டுப் பெண்ணைக் கேட்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? பழங்குடியினர் தொடர்பான பெரிய கொள்கை விஷயங்களில் தேசியப் பழங்குடியினர் ஆணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்பது அரசியல் சட்டம் 338அ பிரிவின் கட்டளை. அந்த ஆணையமே 2022 செப்டம்பரில் இந்த விதிகளை நிறுத்திவைக்கச் சொல்லிக் கடிதம் எழுதியது. விதிகள் நிற்கவில்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் வனப் பாதுகாப்புச் சட்டத் திருத்தமும் நிறைவேறியது. சர்வதேச எல்லையிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் பாதுகாப்பு முக்கியத்துவமுள்ள சாலை போன்ற திட்டங்களுக்கு அது விலக்குத் தருகிறது. எல்லையோர மலைகளில் வாழ்பவர்கள் பெரும்பாலும் யார் என்று உங்களுக்குத் தெரியும்.

மிசோரம் சட்டமன்றம் அதே ஆகஸ்டில் கூடி அந்தத் திருத்தத்துக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. அவர்களுக்கு அந்தப் பிடிமானம் எப்படி வந்தது? மிசோ வழக்காறுகளையும் நில உரிமையையும் தொடும் நாடாளுமன்றச் சட்டம், மிசோரம் சட்டமன்றம் தீர்மானித்து ஏற்றால்தான் அங்கே செல்லும் என்று 371ஜி பிரிவு சொல்கிறது. நாட்டின் ஒற்றுமை அதனால் குலைந்துவிடவில்லை. இருபது ஆண்டு ஆயுதப் போராட்டத்துக்குப் பிறகு 1986இல் வந்த மிசோ உடன்பாட்டின் பயன் அது. கேட்டுச் செய்வோம் என்று எழுதிக் கொடுத்ததும் அங்கே அமைதி வந்தது.

என்னிடம் அடிக்கடி வரும் மறுப்பு ஒன்று உண்டு. ஒவ்வொரு குடியிருப்பையும் கேட்டுக்கொண்டிருந்தால் நாடு முன்னேறுமா என்பார்கள். காலதாமதம் ஆகத்தான் செய்யும். ஆனால் கேட்காமல் செய்தால் ஆகும் தாமதத்தையும் பாருங்கள். நார்வேயில் சாமி என்ற பழங்குடி மக்களுக்கு 1989முதல் தனி மன்றமே இருக்கிறது. 2005இல் அந்த நாட்டு அரசு, அவர்களைப் பாதிக்கும் விஷயங்களில் முன்கூட்டிக் கலந்து பேசுவதாக அந்த மன்றத்தோடு உடன்பாடும் செய்துகொண்டது. இருந்தும் ஃபோசன் என்ற இடத்தில், கலைமான் மேயும் நிலத்தில் காற்றாலைகளை நட்டுவிட்டார்கள். 2021 அக்டோபரில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் உரிமங்கள் செல்லாது என்றது. அதற்குள் விசிறிகள் சுழலத் தொடங்கிவிட்டன. ஐந்நூறு நாள் ஆகியும் சுழன்றுகொண்டே இருந்ததால் 2023இல் சாமி இளைஞர்கள் தலைநகரில் அமைச்சகத்தின் வாசலை மறித்து உட்கார்ந்தார்கள். முன்பே கேட்டு, சொன்னதை மதித்திருந்தால் அத்தனை ஆண்டு வழக்கும் அத்தனை பேரின் துயரமும் தேவைப்பட்டிருக்காது. பின்னால் கேட்பதற்கு ஆகும் காலத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

இன்னொரு மறுப்பையும் மதித்துப் பதில் சொல்ல வேண்டும். ஊர்க்கூட்டத்தைப் பணம் கொடுத்து வளைக்க முடியாதா, அங்கேயும் ஆண்கள் மட்டும் பேசி முடித்துவிட மாட்டார்களா என்கிறார்கள். முடியும், நடந்தும் இருக்கிறது. அதனால்தான் 2012இல் திருத்தப்பட்ட வன உரிமை விதிகளில், சபையில் பாதிப் பேர் வந்திருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும் என்று இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மெண்டா லேகா என்ற கோண்டு கிராமம் இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே எல்லோரும் ஒப்பும்வரை எந்தத் தீர்மானமும் தீர்மானமல்ல. முடிவெடுக்கும் முன் படிப்பு வட்டமாகக் கூடி உட்கார்ந்து விஷயத்தைக் கற்றுக்கொள்கிறார்கள். ஆயிரத்து எண்ணூறு ஹெக்டேர் காட்டுக்குச் சமூக உரிமை பெற்று, 2011இல் தங்கள் மூங்கிலைத் தாங்களே விற்கும் அனுமதிச் சீட்டைத் தங்கள் கையால் எழுதும் உரிமையை வாங்கினார்கள். ஜெய்பால் சிங் சபையில் சொன்ன பாடத்தை நடத்திக் காட்டும் பள்ளிக்கூடம் அது.

பலா மரத்தடிக் கூட்டத்துக்குத் திரும்புகிறேன். பாட்டி கையைப் பின்னால் கட்டிக்கொண்டதும், அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற பெண்களும் நகரவில்லை. ஒருவரும் சத்தம் போடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுத்தர் மை டப்பாவை மூடினார். அவரோடு வந்திருந்த இளம் பொறியாளர் மட்டும், "எந்தப் பக்கம் போனா உங்களுக்குச் சரி வரும்? வாங்க, நடந்து பார்ப்போம்" என்றார். அந்தப் பொறியாளரை நான் மறந்ததில்லை. பாட்டியும் ஏழெட்டுப் பேரும் அவரைச் சரிவில் கூட்டிப்போனார்கள். இலைச் சருகை ஒதுக்கி ஊற்றுக்கண்ணைக் காட்டினார் பாட்டி. அது உள்ளங்கை அகலம்தான் இருந்தது. பொறியாளர் குனிந்து அதில் கை வைத்துப் பார்த்துவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து வேறு தீர்மானம் வந்தது. பத்தாவது படித்த ஒரு பெண்பிள்ளை அதை இரண்டு முறை உரக்க வாசித்தாள். சாலை ஊற்றுக்கு மேல்புறமாக ஒதுங்கிப் போக வேண்டும் என்று அதில் இருந்தது. பாட்டி இன்னொரு வரி சேர்க்கச் சொன்னார்: மழைக்காலத்தில் வெட்டிய மண்ணைச் சரிவில் தள்ளக் கூடாது. சேர்த்தார்கள். அதற்குப் பிறகு கட்டைவிரலை மையில் ஒற்றி, வரிக்கு நேராகப் பார்த்து அழுத்தினார்.